மாங்கன்றுக்கு ஒன்று, மூலிகை மூட்டைக்கு வேறொன்று: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர் எந்த டிஎன்ஏ சோதனையைத் தேர்வது?

போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் ஒட்டு மாங்கன்று வாங்கி நடுகிறவர், அது செந்தூராதானா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள நான்கைந்து ஆண்டு காத்திருக்கிறார். காய் பிடித்தால்தான் விடை. இலையைக் கசக்கி மோந்து ரகம் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டடிக் கன்றென்றால் அவர்களே தயங்குவார்கள். அதனால்தான் "ஆய்வகத்தில் கொடுத்து டிஎன்ஏ பார்த்துவிடலாமே" என்ற பேச்சு நர்சரிக்காரர்களிடமும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களிலும் அடிபடுகிறது. எம்எஸ்சி படிக்கும் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடும்போதும் இதே பேச்சுதான். ஆனால் டிஎன்ஏ சோதனை என்று பொதுவாகச் சொல்லும் பெயருக்குள் ஐந்தாறு முறைகள் இருக்கின்றன. ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்லாது. கேள்விக்குப் பொருந்தாத முறையைத் தேர்ந்தால், பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, "இது மாமரம்தான்" என்று ஒரு அறிக்கை வாங்கி வரலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாங்கன்றின் ரகத்துக்கு, டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளின் நீளத்தை அளக்கும் எஸ்எஸ்ஆர். நன்னாரி, கீழாநெல்லி போன்ற மூலிகைச் சரக்குக்கு, ஒரு சிறு பகுதியை வாசித்து இனத்தைச் சொல்லும் டிஎன்ஏ பார்கோடு. ராகி, சாமை நாட்டு ரகங்களை ஆராய்கிறவருக்கு, டிஎன்ஏவின் ஒற்றை எழுத்து (ஏ, டி, ஜி, சி) மாற்றங்களைத் தேடும் ஸ்னிப். முழு மரபணுத்தொகுதியையும் வாசிக்கும் செலவு இந்த மூன்றில் எதற்கும் இப்போதைக்குத் தேவையில்லை.

முறை எதுவானாலும் இலைதான் தொடக்கம்

டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் வேலை எல்லா முறைக்கும் பொது. இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக அரைப்பார்கள். சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் கலந்த உப்புக் கரைசலில் அதைப் போட்டு 65 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். செல்லின் சவ்வுகள் கரைந்து டிஎன்ஏ வெளியே வரும். பிறகு குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24க்கு 1 என்ற அளவில் சேர்த்துச் சுழற்றினால் புரதமும் பச்சையமும் கீழே போய்விடும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் ஐசோப்ரொப்பனால் ஊற்றினால் வெள்ளை நூலாக டிஎன்ஏ திரளும். அதை 70 சதவீத எத்தனாலில் கழுவிக் காயவைப்பார்கள். டாயில் இணையர் 1987இல் வெளியிட்ட இந்தச் செய்முறையைத்தான், சிறுசிறு மாற்றங்களோடு, உலகெங்கும் தாவர ஆய்வகங்கள் இன்னும் பயன்படுத்துகின்றன.

மா இலை இதில் அவ்வளவு சுலபமாக வசப்படாது. அதில் ஃபீனால் வகைப் பொருள்கள் அதிகம். அரைத்ததும் காற்றுப் பட்டுப் பழுப்பாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். மாவுச்சத்தும் பிசினும் கொழகொழவென்று கூடவே திரண்டு வரும். இரண்டும், டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும். பழுப்பு ஏறாமலிருக்க பிவிபி, மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருள்களைச் சேர்க்க வேண்டும். (பின்னதன் நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் மறக்கமாட்டார், புகைபோக்கி அறைக்குள்தான் கையாள வேண்டும்.) செம்புநிறத் தளிர் விரிந்து பச்சையாக மாறுவதற்கு முன்பே இலை பறித்தால் பாதித் தொல்லை குறையும்.

கடையில் வாங்கும் 'கிட்' வைத்து எடுப்பதா, சிடிஏபியில் எடுப்பதா என்று மாணவர்கள் கேட்பார்கள். ராகி இளநாற்றுக்கு கிட் போதும், சீக்கிரம் முடியும். முற்றிய மா இலைக்கு கிட்டின் வடிகுழாய் பிசினில் அடைத்துக்கொள்ளும். மாவுக்கு நான் சிடிஏபி பக்கம்தான். செலவும் அதில் குறைவு. எப்படி எடுத்தாலும், டிஎன்ஏ தூய்மையானதா என்று பார்க்க 260, 280 நானோமீட்டர் ஒளியில் அளந்த விகிதம் 1.8ஐ ஒட்டி வரவேண்டும். 260க்கும் 230க்குமான விகிதம் 2ஐ விட்டு வெகுவாக இறங்கினால் பிசினும் ஃபீனாலும் இன்னும் போகவில்லை என்று பொருள்.

ஒட்டுக் கன்றில் இதைவிடப் பெரிய ஆபத்து இலை பறிக்கும் இடத்தில் இருக்கிறது. ஒட்டுக் கட்டுக்குக் கீழே இருப்பது மாங்கொட்டையில் முளைத்த வேர்ச்செடி. மேலே இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்த ரகம். இரண்டின் டிஎன்ஏவும் வேறு வேறு. ஒட்டுக்குச்சி கருகிப்போய் கீழிருந்து வெடித்த கிளை தழைத்து நிற்கும் கன்றுகள் எந்த நர்சரியிலும் சில கிடக்கும். கட்டுக்குக் கீழே கிளைத்த இலையைப் பறித்து அனுப்பிவிட்டு "கன்று போலி" என்று சண்டைக்குப் போனால், அது ஆய்வகத்தின் குற்றமாகாது.

சோதனையே வேண்டாம் என்பதும் ஒரு முறை

காய்க்கும் மரம் தோட்டத்தில் நிற்கிறதென்றால் டிஎன்ஏவுக்குச் செலவழிக்காதீர்கள். கிளிமூக்கு நுனியோடு தொங்கும் பெங்களூராவை ஆய்வகம் வந்து அடையாளம் காட்ட வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டுத் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு ரகத்தைப் பதிவு செய்வதென்றாலும் தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை என்று மூன்றையும் வயலில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இலை, பூ, காய், கொட்டை என்று பண்புகளை அளந்து எழுதும் வேலை அது. டிஎன்ஏ அறிக்கை அதற்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்காது. கண்ணால் பார்க்கும் முறையின் குறை காலம் ஒன்றுதான். கன்று வியாபாரத்தில் அந்தக் காலம்தான் முழுப் பணமும்.

ராப்டு: மலிவு, ஆனால் நம்பிக்கைக்கு இல்லை

இனி வரும் எல்லா முறைக்கும் அடியில் பிசிஆர் இருக்கிறது. கேரி முல்லிஸ் 1983இல் யோசித்து, 1993இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். 94 டிகிரியில் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும். 55ஐ ஒட்டிய வெப்பத்தில் பிரைமர் என்ற சிறு துணுக்கு தன் இடத்தில் ஒட்டும். 72இல் வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி புது இழையைக் கட்டும். இதை 30 சுற்று ஓட்டினால், கணக்குப்படி ஒரு மூலக்கூறு 107 கோடியாகப் பெருகும். எந்த இடத்தைப் பெருக்குகிறோம் என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

1990இல் வந்த ராப்டு முறையில் பத்தே எழுத்துள்ள பிரைமரைப் போட்டு, வெப்பத்தைக் குறைத்து, அது எங்கெல்லாம் ஒட்டுகிறதோ அங்கெல்லாம் பெருக விடுவார்கள். செடியின் மரபணுவைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் சாதாரண அகரோஸ் ஜெல் போதும். பிசிஆர் இயந்திரமும் ஒரு ஜெல் தொட்டியும் மட்டுமே உள்ள கல்லூரிகளில் இன்றும் ராப்டு ஓடுவதற்கு இதுதான் காரணம். அந்த ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் குறைந்த வெப்பத்தில் பிரைமர் அரைகுறையாகவும் ஒட்டும். இன்று வந்த கோடு நாளை வராது. இந்த இயந்திரத்தில் தெரிந்தது அடுத்த ஆய்வகத்தில் தெரியாது. மேலும் கோடு உண்டா இல்லையா என்றுதான் தெரியும். தாய், தந்தை இரு வழியிலும் அந்தத் துண்டு வந்ததா, ஒரு வழியில் மட்டுமா என்று தெரியாது. நர்சரிக்கும் விவசாயிக்கும் இடையில் வழக்கு வந்தால் ராப்டு படத்தை யாரும் சான்றாக நீட்ட முடியாது. 1994இல் வந்த ஐஎஸ்எஸ்ஆர் நீளமான பிரைமரையும் கூடுதல் வெப்பத்தையும் பயன்படுத்துவதால் கொஞ்சம் நிலையானது. மலைச்செடி ஒன்றின் பன்மையை முதன்முதலாகத் துழாவிப் பார்க்க அதை ஏற்றுக்கொள்ளலாம். ரகத்துக்கு வேண்டாம்.

எஸ்எஸ்ஆர்: மாங்கன்றுக்கு இதுதான்

மரபணுத்தொகுதியில் ஆங்காங்கே ஜிஏஜிஏஜிஏ என்று இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு ரகத்தில் அது 12 முறை வந்தால் இன்னொன்றில் 15 முறை வரும். அந்த இடத்துக்கு இருபுறமும் பிரைமர் வைத்துப் பெருக்கி, துண்டின் நீளத்தை அளப்பதுதான் எஸ்எஸ்ஆர். ஒவ்வொரு இடத்திலும் தாய் வழி ஒரு நீளம், தந்தை வழி ஒரு நீளம் என இரண்டு எண்கள் கிடைக்கும். பத்து இடம் பார்த்தால் இருபது எண்கள். ஒட்டுக் கன்று தாய்மரத்தின் நகல் என்பதால் அந்த இருபதும் தாய்மரத்தோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

எத்தனை இடம் பார்த்தால் போதும்? மல்லிகா, ஆம்ரபாலி இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் டெல்லி பூசா நிலையத்தில் உருவான கலப்பினங்கள். மல்லிகாவுக்குத் தாய் நீலம், தந்தை தசேரி; ஆம்ரபாலிக்குத் தாய் தசேரி, தந்தை நீலம். ஆக, உடன்பிறப்புகள். பெற்றோரிடம் நான்கு நீளமும் வெவ்வேறாக இருக்கும் ஓர் இடத்தில்கூட, இரண்டு உடன்பிறப்புகள் தற்செயலாக ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று இடம் பார்த்தால் 64இல் ஒன்று. பத்து இடம் பார்த்தால் 10,48,576இல் ஒன்று. பெற்றோரிடம் ஒரே நீளம் இருக்கும் இடங்களில் வாய்ப்பு இதைவிடக் கூடும். நீலமும் அல்போன்சாவும் பல கலப்பினங்களுக்குப் பெற்றோராக இருப்பதால் இந்தக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "மூன்று மார்க்கர் (அதாவது மூன்று இடம்) பார்த்தோம், ஒத்துப்போகிறது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்துக்குக் குறையாமல் கேளுங்கள்.

எஸ்எஸ்ஆருக்கும் எல்லை உண்டு. செந்தூரா மரத்தின் ஒரே ஒரு கிளையில் மட்டும் நிறம் மாறிக் காய்த்து, அந்தக் கிளையிலிருந்து ஒட்டுக் கட்டியிருந்தால் இந்தச் சோதனை இரண்டையும் ஒன்றென்றே சொல்லும். எங்கோ ஒற்றை எழுத்தில் நேர்ந்த மாற்றம் அளவெடுத்த பத்து இடங்களில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறுபக்கம், ஒரே ரகம் ஊருக்கு ஊர் வேறு பெயரில் விற்கப்படுவதை இது சட்டென்று காட்டிக்கொடுக்கும். பெங்களூரா, தோத்தாபுரி, கலெக்டர் என்று மூன்று விலை சொல்லும் வியாபாரிக்குப் பிடிக்காத சோதனை இது.

கருவி விஷயத்திலும் கவனம் வேண்டும். இரண்டு எழுத்து வித்தியாசம் அகரோஸ் ஜெல்லில் தெரியாது. இரண்டும் ஒரே கோடாகத்தான் நிற்கும். இன்னும் நுட்பமாகப் பிரிக்கும் பாலிஅக்ரிலமைடு ஜெல் வேண்டும். அதைவிட நல்லது ஒளிரும் சாயம் ஏற்றிய பிரைமரோடு, துண்டின் நீளத்தைத் துல்லியமாக அளக்கும் கேப்பிலரி இயந்திரத்தில் ஓட்டுவது. கல்லூரியில் பிசிஆர் வரை செய்துவிட்டு, நீளம் அளப்பதை மட்டும் வெளியே கொடுப்பது செலவைக் குறைக்கும் நல்ல வழி.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒப்பிடுவதற்கான மரம். கன்றின் இருபது எண்கள் தனியாக எதையும் சொல்லாது. ஐயமற்ற செந்தூராவின் இருபது எண்கள் பக்கத்தில் வேண்டும். அதையும் அதே இயந்திரத்தில், அதே நாளில் ஓட்டினால் நல்லது. பக்கத்துத் தோட்டத்து மரத்தின் இலையை வைத்துக்கொண்டு "இதுதான் செந்தூரா" என்றால், சோதனை முழுவதும் அந்த ஒருவர் வாய்ச்சொல்லின் மேல் நிற்கும். காவேரிப்பட்டணம் அருகே பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் 1 என்ற மா ரகம் அங்கிருந்து வந்ததுதான். பெங்களூருக்கு அப்பால் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ரகம் தெரிந்த மரத்தின் இலைக்கு முதலில் இத்தகைய இடங்களில் எழுதிக் கேளுங்கள். ஆய்வகத்தைத் தேடுவது அதற்குப் பிறகு.

பார்கோடு: மூலிகைக்குச் சரி, ரகத்துக்கு வீண்

கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் விலங்குகளுக்கு முன்வைத்த யோசனை இது: எல்லா உயிரிலும் இருக்கும் ஒரே மரபணுவின் ஒரு சிறு பகுதியை வாசித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, இனத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். விலங்குகளுக்கு எடுத்த மைட்டோகாண்ட்ரியா மரபணு தாவரத்தில் மிக மெதுவாக மாறுவதால் உதவவில்லை. 2009இல் பன்னாட்டுக் குழு ஒன்று பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகத்திலுள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரு பகுதிகளைத் தாவரத்துக்கு என்று பரிந்துரைத்தது. அந்த இரண்டும் சேர்ந்தே, சோதித்த இனங்களில் 72 சதவீதத்தைத்தான் பிரித்துக் காட்டின. அதனால் ஐடிஎஸ் என்ற உட்கருப் பகுதியையும் சேர்த்து வாசிப்பது இப்போது வழக்கம்.

பார்கோடு ஊர்ப் பெயரைச் சொல்லும். எஸ்எஸ்ஆர்தான் வீட்டு எண்ணைச் சொல்லும். நீலமும் செந்தூராவும் பங்கனப்பள்ளியும் ஒரே இனம் என்பதால் பார்கோடுக்கு அவை மூன்றும் ஒன்றே. முதலில் சொன்ன "இது மாமரம்தான்" அறிக்கை இங்கிருந்துதான் வரும்.

ஆனால் மூலிகைச் சரக்கில் இதற்கு நிகரில்லை. அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கம் கிடைக்கும் மாகாளிக்கிழங்கும் நன்னாரியும் கிட்டத்தட்ட ஒரே வாசனை. நறுக்கிக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் நன்னாரிக்குப் பதில் மாகாளி வேர் போவது வியாபாரத்தில் பழைய கதை. இரண்டும் வெவ்வேறு பேரினம். பார்கோடு அவற்றைத் தயக்கமில்லாமல் பிரிக்கும். கீழாநெல்லி மூட்டையில் அதே பேரினத்தின் வேறு செடிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஐடிஎஸ் பகுதியும் வேண்டியிருக்கும். பொடியாக அரைத்துக் கலந்துவிட்டால், எல்லாத் துண்டையும் சேர்த்து ஒரே வரிசையாக வாசிக்கும் வழக்கமான சாங்கர் முறையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியே வாசிக்கும் மெட்டாபார்கோடிங் முறைக்குப் போக வேண்டும், செலவும் ஏறும். காய்ச்சி வடித்த நன்னாரி சர்பத்தில் வாசிக்கத்தக்க டிஎன்ஏ மிஞ்சியிருக்கும் என்று நம்ப வேண்டாம். அதற்கு வேதியியல் சோதனைதான்.

வேரா இலையா, மருந்துச்சத்து எவ்வளவு என்பதையும் பார்கோடு சொல்லாது. வாங்குகிற கம்பெனி சத்தின் அளவைக் கேட்டால் டிஎன்ஏ அறிக்கையோடு போய் நிற்காதீர்கள்.

மாணவர்கள் மலைச்செடிகளுக்குப் பார்கோடு செய்வதானால் ஒவ்வொரு செடியையும் அழுத்தி உலர்த்திய மாதிரியாகவும் வைத்திருக்க வேண்டும். கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்போடு அதை ஒப்பிட்டுப் பெயரை உறுதி செய்யுங்கள். பெயர் தவறாகப் போட்ட வரிசைகள் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஏற்கெனவே நிறைய. காப்புக்காட்டுக்குள் இலை பறிக்க வனத்துறை அனுமதி தேவை. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது.

ராகி, தக்காளி, பிறகு முழு வாசிப்பு

ராகியில் கேள்வியே வேறு. இரண்டு மூதாதைச் செடிகளின் மரபணுத்தொகுதியும் அதற்குள் சேர்ந்திருக்கிறது, குரோமோசோம்கள் 36. ஒரே எஸ்எஸ்ஆர் பிரைமர் இரண்டு பக்கமும் ஒட்டிக் கோடுகளைக் குழப்பலாம். தவிர, மலையூர் நாட்டு ராகி என்பது ஒரே செடியின் நகல் அல்ல. ஒரு பிடி விதைக்குள்ளேயே பல மரபு வழிகள் இருக்கும். குலைநோய் தாங்கும் வழி எது, தண்டு சாயாத வழி எது என்று தேட, மரபணுத்தொகுதி முழுவதும் பரவிய ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து மாற்றங்கள், அதாவது ஸ்னிப்புகள் வேண்டும். நொதியால் டிஎன்ஏவை வெட்டி, வெட்டிய ஓரங்களை மட்டும் வாசிக்கும் ஜிபிஎஸ் (genotyping-by-sequencing, வழிகாட்டும் ஜிபிஎஸ் அல்ல) முறை 2011இல் வந்தபின் இது கைக்கு எட்டியிருக்கிறது. இதில் வாசிப்பதைவிடக் கணினி வேலைதான் அதிகம். அதற்கு ஆள் இல்லாத துறையில் மாணவரை இதில் இறக்கிவிடுவது அவருக்குச் செய்யும் கொடுமை.

பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்களுக்கு விஷயம் இதைவிட எளிது. வீரிய ஒட்டு விதை தூய்மையானதா என்று பார்க்க, தாயிலும் தந்தையிலும் நீளம் வேறுபடும் ஓரிரு எஸ்எஸ்ஆர் இடங்கள் போதும். உண்மையான ஒட்டு விதையில் இரண்டு கோடும் வரும்; தாய்ச்செடி தன் மகரந்தத்திலேயே காய்த்த விதையில் ஒன்றுதான் வரும். வயலில் வளர்த்துப் பார்க்க ஒரு பருவம் ஆகும் வேலை, நாற்று இலையில் சில நாளில் முடியும். ஆனால் பெற்றோர் வழிகள் விதைக் கம்பெனியிடம்தான் இருக்கும். ஆகவே விவசாயியைவிட விதை உற்பத்தி செய்கிறவருக்கே இது பயன்.

முழு மரபணுத்தொகுதியை வாசிப்பது கேட்க நன்றாக இருக்கும். அல்போன்சாவை ஏற்கெனவே வாசித்து 2020இல் வெளியிட்டுவிட்டார்கள். சுமார் 39 கோடி எழுத்து, 20 இணை குரோமோசோம்கள். ராகி 2017இலேயே வந்துவிட்டது. மார்க்கர் தேடுகிறவர் அவற்றை இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம். செந்தூராவின் அந்த ஒற்றைக் கிளை ஏன் நிறம் மாறியது என்று தேடுகிறவருக்கு மட்டும் முழு வாசிப்பு நியாயம்.

எத்தனை கன்று, எப்போது

பத்தாயிரம் கன்று உள்ள நர்சரியில் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. பத்தில் ஒன்று தவறான ரகம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 30 கன்றில் ஒன்றாவது சிக்க 96 சதவீத வாய்ப்பு. நூறில் ஒன்றுதான் தவறு என்றால் அதே 30 கன்று 26 சதவீதம்தான் காட்டிக்கொடுக்கும். சின்னக் கலப்பைக் கன்றில் தேடுவது வீண் செலவு. குச்சி வெட்டும் தாய்மரங்களுக்கு எண் எழுதி, அவற்றைச் சோதித்துவிட்டால் சில டஜன் மாதிரியில் வேலை முடியும். குச்சிக்கட்டுகள் இடம் மாறாமல் பார்ப்பது அதன்பின் நர்சரியின் பொறுப்பு.

இலையை பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி அனுப்பினால் வழியிலேயே கறுத்துவிடும். காகித உறையில் போட்டு, இலையைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி டப்பாவில் வைத்தால் அறை வெப்பத்திலேயே தாங்கும். உறையின் மேல் மர எண், கிளை ஒட்டுக்கு மேலா கீழா, பறித்த தேதி மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை சாராயம் பட்டால் அழிந்துபோகும். தாய்மர இலையை ஒட்டுக் கட்டும் பருவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். குச்சி வெட்டிய பிறகு அறிக்கை வந்தால், தவறான மரம் என்று தெரிந்தும் அந்தக் கன்றுகளை எந்த நர்சரிக்காரர் வெட்டி எறிவார்?